பழைய இன்ஜினும் சிந்தெடிக் ஆயிலும்: சம்ப்பைத் திறந்து பார்த்த பிறகு எடுத்த முடிவு

வண்டியைப் பற்றி முதலில். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இரட்டை கேம்ஷாஃப்ட், ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில் வால்வ் இடைவெளியைத் தானே சரிசெய்யும் பாகம்), டைமிங் செயின். ஓட்டம் 1,70,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உரிமையாளர் இரண்டாம் கையாக வாங்கியவர். முதல் கையில் இருந்தபோது எப்போது ஆயில் மாற்றினார்கள், எந்த ஆயிலை ஊற்றினார்கள் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாங்கியதிலிருந்து இவர் ஊற்றி வந்தது சாதாரண மினரல் 20டபிள்யூ-50. (டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குறைந்தால் குளிரில் இலகுவாக ஓடும், பின்னுள்ள எண் கூடினால் சூட்டில் கெட்டியாக நிற்கும்.)

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஃப்ளஷ் ஒண்ணு போட்டு சுத்தமா கழுவிட்டு ஃபுல் சிந்தெடிக் ஊத்திடுங்கண்ணே. பழைய ஆயில் ஒரு சொட்டுகூட உள்ள நிக்கக் கூடாது." 5டபிள்யூ-30 சிந்தெடிக் டப்பாவையும் ஒரு ஃப்ளஷ் (இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் திரவம்) பாட்டிலையும் அவரே வாங்கி டிக்கியில் வைத்திருந்தார்.

குறைகளாக அவர் சொன்னவை இரண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தால் மேல்பக்கம் டிக் டிக் என்று சத்தம், சூடேறினால் குறைந்துவிடும். 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போல ஆயில் குடிக்கிறது. மூன்றாவதை அவர் குறையாகவே நினைக்கவில்லை, பேச்சோடு பேச்சாக வந்து விழுந்தது: நீண்ட தூரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு எப்போதாவது மினுக்கும். "ஆக்ஸிலேட்டரை லேசா தொட்டா போயிடுது."

அதைக் கேட்டதும் ஃப்ளஷ் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். சிவப்பு ஆயில் விளக்கு எரிவது அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போகும்போதுதான். 3 பாரிலிருந்து 1 பாருக்கு இறங்கினால் அந்த விளக்குக்குத் தெரியாது. அது மினுக்குகிறது என்றால் அழுத்தம் கிட்டத்தட்ட தரையைத் தொட்டுவிட்டது. அந்த நிலையில் இருக்கும் இன்ஜினில் ஆயிலை இன்னும் நீர்க்கச் செய்யும் கரைப்பானை ஊற்றி ஓடவிடுவதா என்பதுதான் கேள்வி. ஆயில் எந்தப் பிராண்டு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய ஆயில் ஒரு சொட்டுகூட நிற்கக் கூடாதா?

இந்தப் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதி ஃப்ளஷ் வேலைகள் இதற்காகவே நடக்கின்றன. டிரெயின் போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் சொட்டவிட்டாலும், ஆயில் பாதைகளிலும் ஹெட்டின் குழிகளிலும் லிஃப்டர்களுக்குள்ளும் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை நிற்கத்தான் செய்யும். அது புதிய சிந்தெடிக்குடன் கலந்தால் எதுவும் திரியாது, கட்டியாகாது. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) சான்று பெற்ற ஆயில் எதுவும் மற்ற சான்று பெற்ற ஆயில்களுடன் கலந்தால் பிரியக் கூடாது என்பது அந்தச் சான்றுக்கான சோதனைகளிலேயே ஒன்று. செமி சிந்தெடிக் என்று விற்பதே இரண்டும் கலந்த ஆயில்தானே.

தவிர, 'சிந்தெடிக்' என்று டப்பாவில் இருந்தாலே உள்ளே இருப்பது முழுக்க வேறொரு பொருள் என்று எண்ண வேண்டியதில்லை. அடிப்படை எண்ணெய்களை ஏபிஐ ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறது. குரூப் 4 என்பது பாலி ஆல்ஃபா ஒலிஃபின், ஆய்வுக்கூட முறையில் கட்டி எழுப்பிய மூலக்கூறு. குரூப் 3 கச்சா எண்ணெயிலிருந்து வந்து, ஹைட்ரஜன் அழுத்தத்தில் கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்டது. இதையும் சிந்தெடிக் என்று சொல்லலாமா என்பதில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு வந்து, 1999-இல் அமெரிக்காவின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாகச் சொன்னது. அதற்குப் பிறகு பெரும்பாலான நாடுகளில் குரூப் 3 ஆயிலும் அதே பெயரில்தான் விற்பனையாகிறது. ஆக, மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறுவது ஏதோ ரத்தப் பிரிவு மாற்றம் போன்ற விஷயம் இல்லை.

உண்மையான கேள்வி கசடு பற்றியது. அதுதான் இந்த வண்டியில் இருந்தது.

கேஜ் சொன்னது

விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் முள் உள்ள மெக்கானிக்கல் கேஜை மாட்டினேன். விளக்கை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. சுவிட்சே கெட்டுப்போயிருந்தாலும் விளக்கு மினுக்கும். இன்ஜினை நன்றாகச் சூடாக்க வேண்டும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் அதற்குப் பின்னால்தான் வரும், ஓட்டிக்கொண்டே இருந்தால்கூடப் பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தும்.

சூடான ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் ஓடும் நிலை) 0.5 பார். கையேடு கேட்டது குறைந்தது 1. அதற்காக உடனே பேரிங் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. சுற்றை ஏற்றும்போது முள் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேரிங் தேய்ந்த இன்ஜினில் ஐடிலில் அழுத்தம் குறைவாக இருக்கும், சுற்றை ஏற்ற ஏற்ற அதுவும் ஏறிக்கொண்டே போகும், ஏறிய இடத்தில் நிற்கும். இந்த வண்டியில் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 2 பார் வந்தது. 3,500-இல் பிடித்து நிறுத்தியபோது 2.4 வரை போன முள், அங்கே நிற்காமல் நடுங்கிக்கொண்டே 2-க்குத் திரும்பியது. பம்ப் கேட்கும் அளவுக்கு ஆயில் உள்ளே வரவில்லை என்பதற்கு இது நல்ல அடையாளம். ஒன்று, சம்ப்பின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் தங்கும் தொட்டி) அடியில் உள்ள ஸ்ட்ரெய்னர், அதாவது பம்ப்புக்கு முன்னுள்ள கம்பி வலை, அடைத்திருக்க வேண்டும். அல்லது, உறிஞ்சு குழாயின் ஓ-ரிங் இறுகிப்போய்க் காற்றை இழுக்க வேண்டும். ரிலீஃப் வால்வ் (மிகுதியான அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வ்) திறந்தபடி சிக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அப்படி இருந்தால் முள் இவ்வளவு நடுங்காது.

கம்ப்ரஷன் சோதனையும் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்கள் 12 பாரை ஒட்டி இருந்தன. மூன்றாவது 10. அதில் பிளக் ஓட்டை வழியாக ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றியபோது 12-ஐத் தொட்டது. ஆயில் விட்டதும் ஏறினால் கசிவு ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வ் பக்கம். ஆயில் குடிப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது: மூன்றாம் பிஸ்டனின் ரிங் கரியில் ஒட்டியிருக்கலாம், தேய்ந்தும் இருக்கலாம். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

மேலே திறந்தபோது

டேப்பட் கவரை (இன்ஜின் ஹெட்டின் மேல் மூடி) கழற்றினால் இன்ஜினின் ஜாதகத்தில் பாதி தெரிந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து 'சுத்தமா இருக்கு' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூடிக்குக் கீழே புது ஆயில் நேராக விழுந்து கழுவிக்கொண்டே இருப்பதால் அந்த இடம் எப்போதும் கொஞ்சம் பளிச்சென்றுதான் இருக்கும்.

உள்ளே இருந்தது மூன்று வகை. கேம்ஷாஃப்ட் மீதும் கவரின் உட்புறத்திலும் பழுப்பும் பொன்னும் கலந்த மெல்லிய பூச்சு. இதை வார்னிஷ் என்பார்கள். நகத்தால் சுரண்டினாலும் வராது, அங்கேயே இருந்தாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை. ஹெட்டின் மூலைகளில், ஆயில் கீழே இறங்கும் துளைகளைச் சுற்றி, கறுத்த மெழுகு மாதிரியான கசடு. துணியால் துடைத்தால் வழித்துக்கொண்டு வரும். மூன்றாவது வகை கவரின் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நெறநெறவென்று மணல் போல உதிரும் கெட்டிக் கரி. எனக்குப் பயம் இதனிடம்தான். மெழுகுக் கசடு சூடான ஆயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். கரி கரையாது. பிடிப்பு விட்டால் துகளாகக் கீழே விழும், விழுந்தால் போய்ச் சேரும் இடம் சம்ப், அங்கிருந்து நேராக ஸ்ட்ரெய்னர்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். நல்ல வால்வ் கடகடவென்று சத்தம் கொடுக்கும், இது ஊமையாக இருந்தது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையையும், அதனுடன் வரும் ஈரத்தையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கிராங்க் கேஸிலிருந்து உறிஞ்சி மறுபடி இன்டேக்குக்கு அனுப்புவதுதான் இந்தச் சிறிய வால்வின் வேலை. அது அடைத்தால் அத்தனையும் ஆயிலிலேயே தங்கும். உரிமையாளரின் ஓட்டமும் பெரும்பாலும் நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். அந்தத் தூரத்தில் ஆயில் 90 டிகிரியைத் தொடவே தொடாது. தொட்டால்தான் உள்ளே சேர்ந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகும். தண்ணீர், அமிலம், புகைக்கரி, ஆக்ஸிஜனேற்றத்தில் கெட்டித்த ஆயில் எல்லாம் சேர்ந்ததுதான் கசடு. மினரலோ சிந்தெடிக்கோ, பிசிவி அடைத்த இன்ஜினில் எந்த ஆயிலும் இந்தக் கதிக்குத்தான் வரும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 1997 முதல் 2002 வரை வந்த சில டொயோட்டா இன்ஜின்களில் ஆயில் கூழாகும் புகார் கிளம்பி, 2002-இல் அந்த நிறுவனம் 33 லட்சம் அளவிலான வண்டிகளுக்குத் தனிப் பாதுகாப்பு அறிவிக்க நேர்ந்தது. சாப் 9-5 வைத்திருப்பவர்களிடம் கேட்டால், சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பார்ப்பது அந்த வண்டிக்கு வழக்கமான பராமரிப்பு என்றே சொல்வார்கள். அதில் பிசிவி அமைப்பையே நிறுவனம் சில முறை மாற்றிக் கொடுத்தது.

ஃப்ளஷ் பாட்டில் ஏன் திறக்கப்படவில்லை

ஃப்ளஷில் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் இனத்து லேசான கரைப்பான், கூடவே கொஞ்சம் டிடர்ஜென்ட். பழைய ஆயிலிலேயே ஊற்றி, வண்டியை ஓட்டாமல் ஐடிலில் 10, 15 நிமிடம் விட்டுவிட்டு, சூட்டோடு வடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆயில் நீர்த்திருக்கும், பேரிங்குக்கும் கேமுக்கும் நடுவிலுள்ள படலம் மெலிந்திருக்கும். ஓட்டக் கூடாது என்று பாட்டிலில் எச்சரிப்பது அதனால்தான்.

ஒழுங்காக ஆயில் மாற்றிவந்த இன்ஜினில் இதைப் போட்டால் ஒன்றும் ஆகாது, அதிகப் பயனும் இராது. கறுப்பாக வடிவதைப் பார்த்து ஆள் திருப்தி அடைவார், அவ்வளவுதான். வடியும் ஆயில் கறுப்பாக இருப்பது ஃப்ளஷ் வேலை செய்ததற்குச் சாட்சி ஆகாது. ஃப்ளஷ் போடாமல் வடித்தாலும் அது கறுப்பாகத்தான் வரும். உண்மையிலேயே கசடு பிடித்த இன்ஜினில்தான் ஃப்ளஷ் தேவைப்படும், ஆனால் அங்கேதான் அது ஆபத்து. மாதக் கணக்கில் மெல்ல இறங்க வேண்டியதை அது கால் மணி நேரத்தில் பெயர்த்துவிடும். பெயர்ந்ததெல்லாம் டிரெயின் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. சம்ப்பின் உள்வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை இருக்காது. ஓட்டைக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு படிவு நிற்கும், கனமான துகள்கள் அதில்தான் தேங்கும்.

டீசல் ஊற்றிக் கழுவுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் இதே ஆபத்தின் முரட்டு வடிவம், டிடர்ஜென்ட்கூட இல்லாமல். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் சேர்த்தால் உள்ளே பளபளவென்று கழுவிவிடும் என்று சொல்லும் மூத்த மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளே சுத்தமாக இருப்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. அங்கே எதுவும் எரிவதில்லை, புகைக்கரி இல்லை, அதனால் சுத்தமாக இருக்கிறது. சுத்தம் செய்யும் சேர்மானத்தை வைத்துப் பார்த்தால் சாதாரண இன்ஜின் ஆயிலில் இருப்பது அதைவிட அதிகம்.

உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப என்னதாண்ணே பண்றது, அப்படியே விட்டுடறதா?" என்றார். சம்ப்பை இறக்கலாம் என்றேன். ஃப்ளஷ் பாட்டிலின் விலையைவிட வேலை பெரிது. இந்தக் கேஜ் கணக்கைப் பார்த்த பிறகு வேறு யோக்கியமான வழி எனக்குத் தெரியவில்லை.

சம்ப்புக்குள்

இறக்கும்போதே ஒன்று தெரிந்தது: இது ஏற்கெனவே ஒருமுறை இறங்கிய சம்ப். ஒரு மூலையில் அடிபட்டுத் தட்டி நிமிர்த்திய தடம். ஓரமெங்கும் சிவப்பு சிலிக்கான் சீலன்ட், வெளிப்பக்கம் பிதுங்கி வழிந்து காய்ந்திருந்தது. வெளியே அந்த அளவு பிதுங்கியிருந்தால் உள்ளேயும் பிதுங்கியிருக்கும்.

ஸ்ட்ரெய்னரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். கம்பி வலையின் பாதிக்கு மேல் வெளிச்சம் வரவில்லை. கரித்துகள்தான் அடைத்திருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், முதலில் இடுக்கியில் சிக்கி வந்தது புழு மாதிரி சுருண்ட சிவப்பு சிலிக்கான் இழை. அதன்பின் இன்னொன்று. அந்த இழைகள் வலையில் குறுக்கே படிந்து, மேலிருந்து விழுந்த கரித்துகள்களை அவை பிடித்து வைத்திருந்தன. கரியும் மெழுகுக் கசடும் சேர்ந்து மீதி இடைவெளியை மூடியிருந்தன.

சிலிக்கானை எந்த ஃப்ளஷும் கரைக்காது. கரைப்பானில் ஊறினால் உப்பிக்கொள்ளும், அவ்வளவே. உரிமையாளர் கேட்டபடி பாட்டிலை ஊற்றியிருந்தால் மேலிருந்து இறங்கும் புதுத் துகள்கள் இந்த வலையில்தான் வந்து சேர்ந்திருக்கும், மீதமிருந்த வெளிச்சமும் போயிருக்கும். ஃபில்டர் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். ஆயில் போகும் வழியில் ஃபில்டர் இருப்பது பம்ப்புக்குப் பிறகு, ஸ்ட்ரெய்னர் இருப்பது பம்ப்புக்கு முன்னால். ஸ்ட்ரெய்னர் அடைத்தால் ஃபில்டர் வரை ஆயில் வந்தால்தானே.

உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கும் கல்லாக இறுகியிருந்தது. வளைத்தேன், இரண்டாக உடைந்தது.

வேலை விவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ட்ரெய்னரை ஊறவைத்து, இழைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, பின்பக்கமிருந்து காற்றடித்து, வலை முழுக்க வெளிச்சம் வரும்வரை விடவில்லை. ஓ-ரிங் புதிது. சம்ப்பில் படிந்திருந்ததை வழித்தெடுத்துக் கழுவினேன். மேலே ஹெட்டில், இறங்கு துளைகளைத் துணி வைத்து அடைத்துவிட்டு, மெழுகுக் கசடைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, துகள்களை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சினேன். உலோகச் சுரண்டி வேண்டாம், கம்பி பிரஷ் அறவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் ஒரு கம்பி போதும். வார்னிஷைத் தொடவில்லை. அதைப் பளபளப்பாக்கி யாருக்கும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. கவரின் தடுப்புத் தகட்டைக் கழற்ற முடிந்ததால் அதன் பின்னிருந்த கரியும் வெளியே வந்தது. சில இன்ஜின்களில் அந்தத் தகடு ரிவெட் அடித்தது, அங்கே கவரையே மாற்றுவது நல்லது. பிசிவி வால்வும் அதன் ஹோஸும் புதிது. சம்ப்பை ஏற்றும்போது சீலன்ட் மெல்லிய ஒரே கோடு, போல்ட் ஓட்டைகளுக்கு உட்பக்கமாக. காய்வதற்குக் கையேடு சொன்ன நேரம் முழுக்கக் காத்த பிறகுதான் ஆயில்.

மறுபடி கேஜ் மாட்டினேன். சூடான ஐடிலில் 1.3 பார். 3,500-இல் 3.6, முள் அசையாமல் நின்றது. பேரிங் நன்றாகவே இருந்தது.

எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டர்

இங்கே கருத்து வேறுபாடு உண்டு. நேராக சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு அதையே சீக்கிரம் மாற்று என்பார்கள் சிலர். தப்பில்லை, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில் வடிக்கப்போகும் ஆயிலுக்கு அந்த விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சுத்தம் செய்வது அடிப்படை எண்ணெய் இல்லை, அதில் கலந்த சேர்மானங்கள். கால்சியம், மக்னீசிய சல்ஃபனேட் போன்ற டிடர்ஜென்ட்கள் அமிலத்தை முறித்து உலோகத்தின் மீதுள்ள படிவை இளக்குகின்றன. சக்ஸினிமைடு வகை டிஸ்பர்ஸன்ட்கள் இளகிய துகளைச் சூழ்ந்துகொண்டு, அது மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் ஆயிலில் மிதக்கவைக்கின்றன. இவை இரண்டும் ஏபிஐ எஸ்பி தரத்துச் செமி சிந்தெடிக்கிலும் நிறைவாகவே உண்டு. குரூப் 4 எண்ணெய்க்குத் தனியாகப் படிவைக் கரைக்கும் திறன் குறைவுதான், அதனால்தான் அதனுடன் எஸ்டர் என்ற இன்னொரு வகை எண்ணெயைச் சேர்க்கிறார்கள். சிந்தெடிக் ஊற்றிய மறுநாளே உள்ளே உள்ளதெல்லாம் பெயர்ந்து வந்து அடைத்துவிடும் என்ற பயமும் இதே காரணத்தால் மிகைதான்.

முதலில் செமி சிந்தெடிக் 10டபிள்யூ-40, புது ஃபில்டர். 500 கிலோமீட்டரில் ஆயிலை விட்டுவிட்டு ஃபில்டரை மட்டும் மாற்றினேன். கசடு இருந்த இன்ஜினில் இந்த நடுவழி ஃபில்டர் மாற்றம் மலிவான காப்பீடு. ஃபில்டர் நிரம்பினால் அதன் பைபாஸ் வால்வ் திறந்து, வடிகட்டாத ஆயிலைப் பேரிங்குக்கு அனுப்பும், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல். கழற்றிய ஃபில்டரைக் கட்டரால் வெட்டித் திறந்து பார்த்தேன். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் அறுத்த தூளே உள்ளே விழுந்து, எது இன்ஜினிலிருந்து வந்தது என்று தெரியாமல் போகும். மடிப்புக் காகிதத்தை அறுத்து நீளமாக விரித்தால், ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் கறுப்புத் துகள் வரிசையாகப் படிந்திருந்தது. காந்தத்தில் ஒட்டியது மிகக் குறைவு. செம்பு நிற மினுக்கம் எங்குமில்லை. இருந்திருந்தால் பேரிங் பற்றி மறுபடி யோசித்திருக்க வேண்டும்.

1,500-இல் ஆயிலும் ஃபில்டரும். ஆயில் மை போல் கறுத்திருந்தது, எதிர்பார்த்ததுதான். அதே தரத்து ஆயில் மறுபடி, இம்முறை 3,000 கிலோமீட்டர். இரண்டாம் சுற்று ஃபில்டரில் துகள் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சிந்தெடிக்.

அவர் வாங்கி வைத்திருந்த 5டபிள்யூ-30-ஐ ஊற்றவில்லை. 20டபிள்யூ-50-இல் ஓடிய தேய்ந்த இன்ஜினை ஒரே தாவாக அங்கே கொண்டுபோக வேண்டிய அவசியம் என்ன? 100 டிகிரியில் 50 ரக ஆயிலின் பாகுத்தன்மை 16.3 சென்டிஸ்டோக்குக்கு மேல், 30 ரகம் 12.5-க்கும் கீழே. கையேட்டில் 5டபிள்யூ-40-உம் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஏ3/பி4 என்ற ஐரோப்பியத் தரத்து 5டபிள்யூ-40 ஊற்றினேன். அந்தத் தரம் 150 டிகிரி வெப்பத்திலும் வேகமான உராய்விலும் ஆயிலின் பாகுத்தன்மையை 3.5 மில்லிபாஸ்கல்-செகண்டுக்குக் கீழே விடுவதில்லை, சாதாரண 5டபிள்யூ-30-க்கு 2.9 போதும். குளிரில் சீக்கிரம் மேலே ஏற 5டபிள்யூ உதவும், சூட்டில் அழுத்தத்தைத் தாங்க 40 இருக்கும். இந்த வண்டி சிந்தெடிக்கில் தேடியது முக்கியமாக முதல் பாதியைத்தான், லிஃப்டர்களுக்கு ஆயில் சட்டென்று போய்ச் சேர.

பிறகு வந்த கசிவு

சிந்தெடிக் ஊற்றிய சில வாரங்களில் கிராங்க் புல்லிக்குப் பின்னால் ஈரம். உரிமையாளரிடமிருந்து போன். "எல்லாரும் சொன்னாங்கண்ணே, பழைய வண்டில சிந்தெடிக் ஊத்துனா ஒழுகும்னு."

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. தொடக்க கால பாலி ஆல்ஃபா ஒலிஃபின் ஆயில்கள் ரப்பர் சீலைச் சற்றுச் சுருங்கவைத்தன. எஸ்டர் அதற்கு நேர்மாறாக உப்பவைக்கும். இரண்டையும் அளவாகச் சேர்த்துச் சரிக்கட்டிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்றைய ஆயில் நல்ல சீலை ஒழுகவைக்காது. இங்கே நடந்தது வேறு. கழற்றிய சீலின் உதடு பிளாஸ்டிக் போல் விறைத்து, ஷாஃப்ட்டை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியை இத்தனை காலம் கசடு அடைத்து வைத்திருந்தது. அது இளகியதும் சீலின் உண்மை நிலை வெளியே வந்தது. புது சீல் போட்டதும் நின்றது. கழுவும் வேலையை எடுக்கும்போதே 'எங்காவது ஒரு கசிவு வரலாம்' என்று உரிமையாளரிடம் சொல்லி வைப்பது நல்லது. இவரிடம் சொல்லியிருந்தேன், இருந்தும் போன் வந்தது.

இப்போதைய நிலை

காலை சத்தம் இரண்டாம் செமி சிந்தெடிக் சுற்றிலேயே பெருமளவு அடங்கியது. ஒரே ஒரு லிஃப்டர் மட்டும், வண்டி இரண்டு மூன்று நாள் நின்றுவிட்டு எடுத்தால், சில நொடிகள் தட்டும். அதை மாற்ற அவசரமில்லை. ஆயில் விளக்கு மினுக்குவது சம்ப் வேலையோடு நின்றது. கேஜை மறுபடி மாட்டியபோது சூடான ஐடிலில் 1.2 பார். முன்பு 10டபிள்யூ-40-இல் கண்ட 1.3-ஐவிடச் சற்றுக் குறைவு. கவலைப்படும் அளவில் இல்லை.

ஆயில் குடிப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போனது இப்போது 3,500-ஐ ஒட்டி. மூன்றாம் சிலிண்டர் 10-இலிருந்து 10.8 பாருக்கு ஏறியிருக்கிறது. ரிங் கொஞ்சம் விடுபட்டிருக்கிறது, முழுதாக இல்லை. பிளக்கைக் கழற்றி பிஸ்டன் மேல் கரைப்பானை ஊற்றி ஓரிரவு ஊறவைக்கும் முறை ஒன்று உண்டு. செய்வதென்றால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அழுந்தாத திரவத்தில் மோதி கனெக்டிங் ராடு வளையும். கீழே இறங்கிய கரைப்பான் ஆயிலில் கலந்திருக்கும் என்பதால் உடனே ஆயிலையும் மாற்றியாக வேண்டும். அதை அடுத்த ஆயில் மாற்றத்தோடு சேர்த்துச் செய்வதாக வைத்திருக்கிறோம், அப்போது வடிக்க வேண்டிய ஆயில் எப்படியும் பழையதாகத்தான் இருக்கும்.

ஆயில் மாற்ற இடைவெளி 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முன்னே வருகிறதோ அது. டப்பாவில் 15,000 என்று அச்சடித்திருந்தாலும் நாலு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். டிப்ஸ்டிக்கை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கிறார். திறக்காத ஃப்ளஷ் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். 5டபிள்யூ-30 டப்பா வீட்டிலுள்ள இன்னொரு புதிய வண்டிக்குப் போயிற்று.